சாரிட்டி கடையா, விண்டெடா, பிரைமார்க்கா: எதை எங்கே வாங்கினால் லாபம்?

மக்கள் தானமாகத் தரும் பழைய பொருளைத் தொண்டு நிறுவனங்கள் விற்கிற சாரிட்டி கடை, பிரிட்டனில் மலிவு என்றிருந்த பேர் மெல்லக் கெட்டு வருகிறது. மலிவு விலைத் துணிக்கடையான பிரைமார்க்கில் புத்தம் புதிதாகக் கிடைக்கிற டி-ஷர்ட், சாயம் வெளுத்த நிலையில் இங்கே ஏறக்குறைய அதே விலைக்குத் தொங்கினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் அந்தப் புகாரில் பாதிதான் உண்மை. புதிதாக விற்றபோதே மலிவாக இருந்த பொருளை அங்கே வாங்குவது வீண். புதிதில் கை வைக்க முடியாத விலையில் இருந்த பொருளுக்கு அந்தக் கடைகளை இன்னும் நம்பலாம்.

வரிச்சலுகை இருந்தும் விலை ஏன் ஏறுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. சலுகை பெரியதுதான். நன்கொடையாக வந்த பொருளுக்கு வாட் கிடையாது, இங்கிலாந்தில் கடைக் கட்டிடத்துக்கான வரியான பிசினஸ் ரேட்ஸிலும் 80 சதவீதம் தள்ளுபடி. ஆனால் வாடகை, மின்கட்டணம், மேனேஜர் சம்பளம் எல்லாம் உண்டு. அப்புறம், ஈபேயில் என்ன விலை போகிறது என்று பார்த்துவிட்டு விலை ஒட்டுவதும் இப்போது சகஜம். ஆக்ஸ்பாம் போன்ற தொண்டு நிறுவனங்கள் ஆன்லைனிலும் கடை நடத்துவதால், நல்ல சரக்கில் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது. இதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கடை திறந்திருப்பது நிதி திரட்ட.

பழைய துணியை ஆளுக்கு ஆள் விற்றுக்கொள்ளும் ஆப்பான விண்டெட் வந்தது இன்னொரு அடி. முன்பு பை பையாகக் கொடுத்தவர்கள், நல்லதை எடுத்துத் தாங்களே விற்றுக் காசாக்கிவிட்டு மிச்சத்தைத்தான் கொடுக்கிறார்கள். வாங்குபவருக்கு அங்கே பிராண்ட், அளவு, நிறம் சொல்லித் தேடும் வசதி இருக்கிறது. குறிப்பிட்ட மாடல் ஜீன்ஸ்தான் வேண்டும் என்றால் விண்டெடையே பாருங்கள். ஆனால் பட்டியலில் தெரிகிற விலையோடு கணக்கு முடிவதில்லை. விற்பவருக்குக் கட்டணம் இல்லை, வாங்குபவர்தான் பாதுகாப்புக் கட்டணமும் தபால் செலவும் தர வேண்டும். இரண்டு மூன்று பவுண்டு சட்டைக்கு இந்தக் கூடுதலே சட்டை விலையைத் தொட்டுவிடும். அளவு சரியில்லை என்பதற்காகத் திருப்பித் தரும் உரிமையும் இல்லை. விளக்கத்துக்கு மாறான பொருள் வந்திருந்தால், கைக்கு வந்த இரண்டு நாளுக்குள் புகார் சொல்ல வேண்டும்.

சாரிட்டி கடையில் துணியைத் தொட்டுப் பார்க்கலாம், கோட்டைப் போட்டுப் பார்க்கலாம். நான் அங்கே போனால் பிராண்டைப் பார்ப்பதில்லை, உள்ளே தைத்திருக்கும் சின்ன லேபிளைத்தான் தேடுவேன். கம்பளியா, காஷ்மியரா, லினனா? பிராண்ட் பெயரைக் கடைக்காரர் போனில் தட்டினால் விலை வந்துவிடும், பழைய லாம்ப்ஸ்வூல் ஸ்வெட்டருக்கு அவ்வளவு சுலபமாக வராது. அதனால் செயற்கை இழையான அக்ரிலிக் ஸ்வெட்டர் விலையிலேயே அதுவும் தொங்குவதுண்டு. பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைத்தொடரின் பழைய ‘செயின்ட் மைக்கேல்’ லேபிள் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். 2000 வாக்கில் அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டார்கள், ஆக அந்த உடுப்பு பெரும்பாலும் கால் நூற்றாண்டு ஆகியும் கிழியாமல் வந்திருக்கிறது. பணக்காரப் பகுதிக்குப் போனால் சரக்கு உயர்தரம்தான். ஆனால் லண்டன் செல்சியில் உள்ள ரெட் கிராஸ் கடை போன்ற இடங்களுக்குத் தங்கள் சரக்கின் மதிப்பு நன்றாகவே தெரியும்.

பலர் கவனிக்காத ஒரு வித்தியாசம் சட்டத்தில் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் சாரிட்டி கடைக்கும் பொருந்தும். பழைய பொருள் என்பதைக் கணக்கில் கொண்டாலும், சொல்லாமல் மறைந்திருந்த கோளாறு என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். விண்டெடிலோ, காரின் டிக்கியில் வைத்து வீட்டுப் பழம்பொருள் விற்கும் கார் பூட் சேலிலோ தனிநபரிடம் வாங்கினால் இந்த உரிமை கிடையாது. கார் பூட்தான் எல்லாவற்றிலும் மலிவு, பேரம் பேசலாம், விடியற்காலையில் எழுந்து போகிறவருக்கு.

துணியை விடுங்கள், சோபாவும் மின்சாதனமும் வாங்குவதென்றால் எனக்கு யோசனையே தேவையில்லை, நேரே சாரிட்டி கடைதான். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் போன்ற தொண்டு நிறுவனங்களின் பெரிய கடைகளில் மின்சாதனங்களைப் பாதுகாப்புச் சோதனை செய்தே விற்கிறார்கள். தீத்தடுப்பு லேபிள் இல்லாத சோபாவைச் சாரிட்டி கடைகள் பொதுவாக வாங்கிக்கொள்வதே இல்லை. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் இலவசமாகவே சோபா கிடைக்கும்தான், ஆனால் லேபிள் இருக்கிறதா என்று மெத்தையைத் தூக்கிப் பார்ப்பதும், வேன் பிடிப்பதும் உங்கள் பாடு.