ஹை ஜம்ப் ஸ்பைக்ஸ் வாங்கும் முன் குதிகாலைப் பாருங்கள்

ஹை ஜம்புக்கு, அதாவது உயரம் தாண்டுதலுக்கு, ஸ்பைக்ஸ் எனப்படும் அடியில் ஆணி வைத்த ஷூ வாங்கும்போது, குதிகாலில் ஆணி இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள். ஓட்டப் பந்தயத்துக்குப் போடுவதே போதும் என்றுதான் நாகர்கோவிலில் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் சொன்னார்கள், போதாது. மகளுக்கு இந்த சீசனில் ஹை ஜம்புக்கென்றே ஒரு ஜோடி ஆன்லைனில் வரவழைத்தோம், வெளிநாட்டுக் கம்பெனியின் ஆரம்ப நிலை மாடல், ஏழாயிரத்துக்குப் பக்கம் ஆனது. நல்ல பொருள், குறையும் உண்டு.

ஏன் குதிகால் என்றால், இப்போது எல்லாரும் தாண்டுவது முதுகைப் பாருக்குக் காட்டும் ஃபாஸ்பரி முறையில். நேராக ஓடி வந்து கடைசி நான்கைந்து எட்டை வளைவாக எடுப்பார்கள், அந்த வளைவில் உடம்பு உள்பக்கம் சாய்ந்திருக்கும், எம்புகிற காலை உடம்புக்கு முன்னால் ஊன்றும்போது முதலில் தரையில் படுவது குதிகால்தான். ஓடி வந்த வேகம் மொத்தமும் அந்த ஒரு மிதியில் இறங்குகிறது. முன்பாதத்தில் மட்டும் ஆணி இருந்தால் அந்த நேரத்தில் பிடிமானம் கிடையாது, கால் வெளிப்பக்கம் நழுவினால் கணுக்கால் போச்சு. நம்ம மாவட்டத்தில் ரெண்டு பருவமழையும் பெய்கிறது, ஈரத்தில் பிள்ளைகள் பயந்து கடைசி எட்டில் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள், அப்புறம் எங்கே எம்புவது?

நாங்கள் வாங்கிய ஜோடியில் ஒவ்வொரு ஷூவிலும் முன்னால் ஏழு ஆணி, குதிகாலில் நாலு. விதிப்படி ஒரு ஷூவில் 11 ஆணி வரை இருக்கலாம். ரப்பர் மாதிரியான சிந்தெடிக் தளத்தில் மற்ற போட்டிகளுக்கு ஆணியின் நீளம் 9 மில்லிமீட்டர் வரைதான் என்றாலும், ஹை ஜம்புக்கும் ஈட்டி எறிதலுக்கும் 12 வரை விடுகிறார்கள். போட்ட கொஞ்ச நாளிலேயே மகள் வளைவில் தயங்குவது குறைந்தது, அதை முதலில் கவனித்துச் சொன்னது அவளுடைய பி.டி. டீச்சர்.

சந்தேகம் இருந்தால் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் பெண்கள் ஹை ஜம்ப் வீடியோவை மெதுவாக ஓட்டி, கால்களை மட்டும் பாருங்கள். 2022இல் கொலம்பியாவின் காலி நகரில் எஸ்தோனியாவின் கார்மென் ப்ரூஸ் 17 வயதில் 1.95 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். உக்ரைனின் மஹுச்சிக் 2019இல் தோஹாவில் பெரியவர்களுக்கான உலகப் போட்டியிலேயே 2.04 தாண்டியபோது வயது 18, அதே பெண்தான் 2024இல் பாரிஸில் 2.10 தாண்டி 1987இன் உலக சாதனையை உடைத்தார். என்ன வேகத்தில் வந்து காலை ஊன்றுகிறார்கள் பாருங்கள்!

நம்ம நாட்டு பூஜா சிங்கைச் சொல்லி, ஷூ எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஹரியானாவில் கொத்தனார் மகள், மூங்கில் கம்பைப் பாராக வைத்து, வைக்கோல் திணித்த சாக்கில் விழுந்து பழகி, 2025இல் தென்கொரியாவின் குமியில் 1.89 தாண்டி ஆசிய சாம்பியன் ஆனவர். உண்மைதான், ஆனால் ஒரு பிள்ளை சாக்கில் விழுந்து பழக வேண்டியிருந்தது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, இன்னொரு பிள்ளைக்கும் அதே போதும் என்று சொல்ல வாய் வரவில்லை.

இனி குறை. முன்பக்கம் ரொம்பக் குறுகல், அகலப் பாதம் உள்ள பிள்ளைக்குச் சுண்டுவிரல் நசுங்கும். ரெண்டு காலிலும் ஆறு விரல் கொண்ட ஸ்வப்னா பர்மன் பொருந்தாத ஷூவில் வலியோடு ஆடி 2018 ஆசியப் போட்டியில் ஹெப்டத்லான் என்கிற ஏழு போட்டித் தொகுப்பில் தங்கம் வாங்கியதை மறக்க முடியுமா, அதனால் அளவு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மெல்லிய சாக்ஸோடு போட்டுப் பார்த்து, இறுக்கமாக, ஆனால் விரல் மடங்காமல் இருக்க வேண்டும். வளர்கிற வயது என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் வளைவில் கால் உள்ளேயே வழுக்கும்.

ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. கடல் காற்று உள்ள ஊரில் கழற்றாமல் விட்டால் திருகு இறுகிப்போய் சாவியால் திருப்ப முடியாது. நாங்கள் பயிற்சி முடிந்ததும் துடைத்து, அவ்வப்போது கழற்றித் திருகில் கொஞ்சம் கிரீஸ் தடவுகிறோம். மாற்று ஆணி நாகர்கோவில் கடைகளில் எங்களுக்குக் கிடைக்கவில்லை, திருவனந்தபுரம் போகிறவர்களிடம் சொல்லித்தான் வாங்கினோம். ஷூ ஆர்டர் போடும்போதே ஒரு பாக்கெட் ஆணியும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.