ஆட்டோ-டியூனா, மெலோடைனா, இன்னொரு டேக்கா?

ஒரு பாடலின் பல்லவியில் நீண்ட சுரம் ஒன்று வருகிறது. பாடகி அதைச் சற்றுக் கீழே தொட்டு, மெல்ல ஏறிப் பிடித்து, லேசாக அசைத்து நிறுத்துகிறார். மூச்சு தளரும் கடைசி நொடியில் குரல் மறுபடி கொஞ்சம் இறங்குகிறது. இதில் எது பிழை, எது பாட்டு? சுருதித் திருத்த மென்பொருள் வாங்க நினைப்பவர்கள் முதலில் இந்தக் கேள்வியோடு சிறிது நேரம் உட்கார வேண்டும் என்று நினைக்கிறேன். போட்டியில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் இதற்கு ஒரு விடையைத் தனக்குள் வைத்திருக்கிறது. அந்த விடை நம்முடையதோடு ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்தக் கருவி நமக்கு உதவாது.

முதலில் ஆட்டோ-டியூன். 1997இல் அன்டாரஸ் நிறுவனம் வெளியிட்டது. உருவாக்கிய ஆண்டி ஹில்ட்பிராண்ட் அதற்கு முன் எண்ணெய் வளத் தேடலுக்காக நில அதிர்வு அலைகளை ஆராய்ந்தவர், புல்லாங்குழலும் வாசித்தவர். மண்ணுக்குள் சென்று திரும்பும் அலையைப் படிக்கப் பயன்பட்ட கணிதமே குரலுக்கும் பயன்பட்டது. ஓர் அலையை அதன் நகலோடு சற்றுத் தள்ளி வைத்து ஒப்பிட்டால், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அது தன்னையே திரும்பச் செய்கிறது என்று தெரியும். அந்த நேரம் தெரிந்தால் சுருதி தெரியும். பிறகு, நாம் கொடுத்த சுர வரிசையில் மிக அருகே உள்ள சுரத்துக்குக் குரலை இழுத்துவிடலாம். இவ்வளவும் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது. பாடுவது எந்தப் பாட்டு, அடுத்து என்ன வரப்போகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இந்தக் கணத்தில் குரல் எங்கே நிற்கிறது என்பது மட்டுமே தெரியும்.

இந்தக் கருவியின் உயிர் 'ரீடியூன் ஸ்பீட்' என்ற ஒரே குமிழில் இருக்கிறது. இழுப்பதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மில்லி விநாடியில் சொல்கிறோம். சுழியத்தில் வைத்தால் உடனே இழுக்கும். எண் கூடக் கூட நிதானமாக இழுக்கும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பயிற்சி பெற்ற குரலின் அசைவு ஒரு விநாடிக்கு ஐந்து முதல் ஏழு முறை மேலும் கீழும் போகிறது. அதாவது ஓர் அசைவுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 மில்லி விநாடி. வேகத்தைப் பத்தில் வைத்தால் அந்த அசைவும் பிழையாகக் கருதப்பட்டுத் தட்டையாகிவிடும். சரி, நிதானமாக வைக்கலாம் என்றால், துரித வரிகளில் ஒவ்வொரு சுரமும் நூறு மில்லி விநாடிக்குள் முடிந்துபோகிறது. திருத்தம் வந்து சேர்வதற்குள் சுரம் போய்விடும். நீண்ட சுரத்துக்கு ஓர் அளவு, குறுகிய சுரத்துக்கு வேறு அளவு தேவை, குமிழோ ஒன்றுதான். பிற்காலப் பதிப்புகளில் 'ஹ்யூமனைஸ்' என்று ஒரு வசதி வந்தது இதற்காகத்தான். குறுகிய சுரங்களை வேகமாகத் திருத்தி, நீண்டு நிற்பவற்றைத் தளர்த்தி விடுகிறது. பெருமளவு உதவுகிறது. ஆனாலும் முதல் பத்தியில் சொன்ன கடைசி நொடி இறக்கம் அதற்குப் பிழையாகவே தெரியும்.

இன்னொரு அபாயமும் உண்டு. ஓர் அரைச் சுரத்தை, அதாவது விசைப்பலகையில் ஒரு கட்டைக்கும் பக்கத்துக் கட்டைக்கும் உள்ள இடைவெளியை, 100 சென்ட் என்று பிரிப்பது வழக்கம். பன்னிரண்டு சுரங்களையும் திறந்து வைத்திருக்கும்போது பாடகர் 50 சென்ட்டுக்கு மேல் விலகினால், அருகே இருப்பது இப்போது பக்கத்துச் சுரம். கருவி மிகுந்த நம்பிக்கையோடு அங்கே இழுத்துச் செல்லும். சிறிய விலகல் முழு அபசுரமாக மாறுவது இப்படித்தான். பாடலின் சுர வரிசையைச் சரியாகக் கொடுத்து, வேண்டாத சுரங்களை நீக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பலர் இதைச் செய்யாமலேயே மென்பொருளைக் குறை சொல்கிறார்கள்.

அந்தக் குமிழைச் சுழியத்துக்குத் தள்ளியபோது என்ன நடந்தது என்பது எல்லோரும் அறிந்த கதை. 1998இல் அமெரிக்கப் பாடகி ஷேர் பாடிய 'பிலீவ்' பாடலில் குரல் படிக்கட்டில் குதிப்பதுபோல் சுரம் விட்டுச் சுரம் தாவியது. அதன் தயாரிப்பாளர்கள் மறு ஆண்டு அளித்த ஒரு பேட்டியில் அதை வோகோடர் (குரலைச் சிந்தசைசர் ஓசையோடு பொருத்தும் கருவி) வகைக் கருவி என்று சொல்லி உண்மையை மறைத்தார்கள். பிறகு 2000களின் நடுவில் அமெரிக்கப் பாடகர் டி-பெயின் அதைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார். எதிர்ப்பும் வளர்ந்தது. 2009இல் ராப் பாடகர் ஜே-ஸி ஆட்டோ-டியூனின் மரணத்தை அறிவித்து ஒரு பாடல் வெளியிட்டார். மறு ஆண்டு டைம் இதழ் மிக மோசமான ஐம்பது கண்டுபிடிப்புகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. இந்தக் கோபத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. டி-பெயின் 2014இல் அமெரிக்க வானொலியான என்பிஆரின் டைனி டெஸ்க் நிகழ்ச்சியில் எந்தத் திருத்தமும் இல்லாமல் பாடியபோது, பாடத் தெரியாதவர் என்று அவரை நினைத்திருந்தவர்கள் வியந்துபோனார்கள். கருவியை நெருங்கி அறிந்தவர்களுக்கு அதில் வியப்பு இல்லை. அந்தத் தாவல் ஓசை தானாக வருவதன்று. நேராக, அசையாமல் பாடினால் கருவிக்கு வேலையே இல்லை. எந்த விளைவும் கேட்காது. பாடகர் வேண்டுமென்றே சுரங்களுக்கு இடையே வழுக்கிச் சென்றால்தான் இடையிலுள்ள ஒவ்வொரு படியிலும் அது தாவும். எங்கே வழுக்குவது, எவ்வளவு மெதுவாக வழுக்குவது என்று தெரிந்து பாடுவது தனிக் கலை. கிட்டார் வாசிப்பவர் கம்பியை வளைப்பதுபோல அவர்கள் இந்தக் கருவியை வாசிக்கிறார்கள்.

மெலோடைன் வேறொரு குணம். செலமோனி என்ற மியூனிக் நிறுவனத்தின் படைப்பு. பீட்டர் நாய்பேக்கர் என்பவரின் சிந்தனையிலிருந்து பிறந்து 2001இல் அறிமுகமானது. இது ஓடும் குரலைத் துரத்துவதில்லை. பாடி முடித்த வரியை முழுவதும் படித்து, ஒவ்வொரு சுரத்தையும் திரையில் ஒரு திரள்போலக் காட்டுகிறது. ஓசை வலுத்த இடத்தில் திரள் பருத்திருக்கும், தேய்ந்த இடத்தில் மெலிந்திருக்கும். அதன் ஊடே மெல்லிய கோடு ஒன்று, குரலின் உண்மையான போக்கை வரைந்து காட்டும். திரளைப் பிடித்து மேலே கீழே நகர்த்தலாம், நீட்டலாம், வெட்டலாம்.

இதன் பெரிய சொத்து, சுருதியை மூன்றாகப் பிரித்துக் கையில் தருவது. சுரத்தின் மையம் எங்கே என்பது ஒன்று. அந்த மையத்தைச் சுற்றிய வேகமான அசைவு இரண்டாவது. சுரம் நீளும்போது மெதுவாக ஏறுவதோ இறங்குவதோ மூன்றாவது. நம் பல்லவியின் சுரத்தை இங்கே கொண்டுவந்தால், மையத்தை மட்டும் பத்து சென்ட் உயர்த்திவிட்டு அசைவைத் தொடாமல் விடலாம். கடைசி இறக்கத்தைப் பாதியாகக் குறைக்கலாம். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வளைவைக்கூடச் செங்குத்தாகவோ சரிவாகவோ ஆக்கலாம். எது பிழை, எது பாட்டு என்ற கேள்விக்கு மெலோடைன் விடை சொல்வதில்லை. நம்மிடமே கேட்கிறது. அதனால்தான் எனக்கு அதன்மேல் இவ்வளவு மதிப்பு.

மதிப்போடு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இது கண்ணுக்குக் காட்டும் கருவி. கண்ணோ ஒழுங்கை விரும்புகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரின் பாடலை ஒரு மாலை முழுவதும் இதில் திருத்தினேன். கோட்டுக்கு மேலே கீழே சிதறிக் கிடந்த திரள்களைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். திரை அழகாக இருந்தது. நண்பர் இரண்டு வரி கேட்டுவிட்டு, "இறங்கி வருவேனே, அந்த இடம் எங்கே?" என்றார். அந்த இடத்தை நான் நீக்கியிருந்தேன். அன்றுமுதல் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாடலையும் ஒருமுறை கேட்டு, காது உறுத்திய இடங்களைத் தாளில் குறித்துக்கொண்டு, அவற்றை மட்டுமே திறக்கிறேன். பெரும்பாலும் ஒரு பாடலுக்குப் பத்து இடங்கள்கூட வருவதில்லை.

2009இல் மெலோடைனில் வந்த டிஎன்ஏ என்ற நுட்பம் ஒரே பதிவில் சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்களையும் தனித்தனியே பிரித்தது. கிட்டாரில் மீட்டிய கோர்வைக்குள் ஒரு கம்பியை மட்டும் சுருதி சேர்க்க முடிந்ததைப் பார்த்துத் துறையே அதிர்ந்தது. குரலுக்கு அதைவிடப் பயனுள்ள முன்னேற்றம் 2020இல் வந்த ஐந்தாம் பதிப்பு. 'ஸ', 'ஷ' போன்ற உரசல் ஒலிகளுக்கும் மூச்சுக்கும் சுருதி கிடையாது. சுரத்தை நகர்த்தும்போது அவையும் சேர்ந்து நகர்ந்தால் சொல் செயற்கையாகும். இந்தப் பதிப்பு அவற்றை அடையாளம் கண்டு அப்படியே விட்டுவிடுகிறது. வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மிகச் சிறிய பதிப்பான எசென்ஷியலில் நான் மேலே புகழ்ந்த அசைவுக் கருவியும் நகர்வுக் கருவியும் இல்லை. அதை வாங்கிவிட்டு மெலோடைன் இவ்வளவுதானா என்று கேட்பது நியாயமாகாது. அதற்கு அடுத்த அசிஸ்டன்டிலிருந்துதான் உண்மையான மெலோடைன் தொடங்குகிறது.

லாஜிக், கியூபேஸ் என்ற இசைப்பதிவு மென்பொருள்களுக்குள்ளேயே இருக்கும் ஃபிளெக்ஸ் பிட்ச், வேரிஆடியோ ஆகியவை மெலோடைனின் வழியில் வந்தவை. அந்த மென்பொருள்களை ஏற்கெனவே வைத்திருப்பவர் சில சொற்களைத் திருத்த வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் எம்ஆட்டோபிட்ச், கிரையான் போன்றவை ஆட்டோ-டியூன் வழியைச் சேர்ந்தவை. தாவல் ஓசையை முயன்று பார்க்க அவை போதும்.

வோகோடரையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அது சுருதியைத் திருத்துவதே இல்லை. குரலின் உச்சரிப்பு வடிவத்தை எடுத்து ஒரு சிந்தசைசரின் ஓசைமேல் பொருத்துகிறது. சுரம் விசைப்பலகையிலிருந்து வருகிறது. 1930களில் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி பேச்சைத் தொலைபேசி வழியே சுருக்கி அனுப்ப அமைத்த கருவி அது. இயந்திரக் குரல் என்ற ஒரே ஒற்றுமையை வைத்து இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

மூன்றாவது போட்டியாளர் மென்பொருளே அல்ல: இன்னொரு டேக், அதாவது மறுபடி பாடிப் பதிவு செய்வது. திருத்தக் கருவிகள் வந்தபின் இதன் மதிப்பு குறைந்துபோனது எனக்குப் பெரிய வருத்தம். குரல் சுருதி விலகக் காரணம் பெரும்பாலும் தொண்டைக்கு வெளியே இருக்கிறது. ஹெட்ஃபோனில் பின்னணி இசை மிகச் சத்தமாக ஒலித்தால் பாடகருக்குத் தன் குரல் கேட்பதில்லை. ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடச் சொன்னாலே பாதி விலகல் மறையும். பாடல் அவருக்கு ஒரு சுரம் உயரமாக இருக்கலாம். அப்போது மென்பொருள் சுரத்தைச் சரி செய்யும், ஆனால் இறுகிய தொண்டையின் நிறம் அப்படியே இருக்கும். கேட்பவருக்கு எது சரியில்லை என்று சொல்லத் தெரியாது, ஏதோ உறுத்தும். சுருதி சரியாகவும் உணர்வு தளர்ந்தும் இருக்கும் டேக்கைவிட, உணர்வு சரியாக இருந்து இரண்டு சொற்கள் விலகிய டேக்கைத் தேர்ந்து, அந்த இரண்டை மட்டும் திருத்துவதே நல்லது. நாலைந்து டேக்குகளிலிருந்து வரிவரியாகத் தேர்ந்து ஒட்டுவது நாடாப் பதிவுக் காலத்திலிருந்தே இருக்கும் பழக்கம். அதை நேர்மையின்மை என்று யாரும் சொன்னதில்லை.

பின்னணிக் குரல்களில்தான் அதிகத் தவறு நடப்பதைக் காண்கிறேன். ஒரே வரியை இருமுறை பாடி அடுக்கும்போது வரும் செழுமை, இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாட்டால் வருவது. இரண்டையும் ஆட்டோ-டியூனில் வேகமாக இழுத்தால் வேறுபாடு மறைந்து, இரு குரல் ஒரு குரலாக மெலிந்து, குழாய்க்குள் பாடுவதுபோல் ஒலிக்கும். முதன்மைக் குரலை இப்படி இழுக்காமல் அடுக்குக் குரலை மட்டும் லேசாகத் திருத்துங்கள். மேல்மூன்றாம் சுரத்தில் சேர்ந்து பாடுபவர்கள் விஷயம் இன்னும் நுட்பமானது. விசைப்பலகையின் அளவில் அந்த இடைவெளி 400 சென்ட். காதுக்கு இயல்பாக இனிக்கும் இடைவெளி சுமார் 386. நல்ல கூட்டுப் பாடகர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தாமாகவே அங்கே இறங்குவார்கள். மென்பொருள் அதை 14 சென்ட் பிழை என்று சொல்லி மேலே தூக்கிவிடும். சேர்ந்து ஒலித்த குரல்களின் ரீங்காரம் போய்விடும். இப்படிப்பட்ட பதிவில் எந்தத் தானியங்கித் திருத்தமும் வேண்டாம் என்பதே என் கருத்து.

எனவே முதன்மைக் குரலுக்கு மெலோடைன், அதற்கும் முன் இன்னொரு டேக். தாவல் ஓசைதான் வேண்டுமென்றால் ஆட்டோ-டியூன். அதையும் பாடிய பிறகு போடாமல், பாடகரின் காதில் கேட்கும்படி வைத்துப் பாடவிடுங்கள். எதைத் தேர்ந்தாலும் ஓசையின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரெசருக்கும் எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப்புக்கும் முன்னால், சுத்தமான குரலில் வையுங்கள். எதிரொலி கலந்த குரலில் கருவிக்குச் சுருதி பிடிபடாது.

மேடையில் தேர்வுக்கே இடமில்லை. மெலோடைனுக்கு முடிந்த பதிவு வேண்டும். ஓடும் குரலோடு ஓட ஆட்டோ-டியூனும் அதன் வகையினவும்தான் உண்டு. அங்கே தாமதம் குறைந்த முறையில் வைத்து, பாடலுக்குப் பாடல் சுர வரிசையை மாற்ற ஒருவரை அதன் அருகிலேயே உட்கார வையுங்கள். முந்தைய பாடலின் சுரங்களை மாற்ற மறந்துவிட்டால், அடுத்த பாடலைச் சுத்தமாகப் பாடுபவரையும் அது எல்லோர் முன்னிலையிலும் அபசுரத்துக்கு இழுத்துவிடும்.