கயத்தாறு வெயிலுக்கு ஒரு சேஃப்டி ஷூ

காற்றாலை வேலைக்கு விடியற்காலையில் போகும்போது காற்று சிலுசிலுவென்று இருக்கும், ஷூ லூசாகத் தெரியும். மத்தியானம் இரும்புப் படியைத் தொட்டால் சுடும்; கால் வீங்கி அதே ஷூ கடிக்கும். பழைய ஷூவில் முன்பக்கம் இரும்பு மூடி. வெயிலில் விரல்கள் வெந்துபோகும்.

பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் கடை. காலையில் போனேன், அண்ணாச்சி விற்கவே இல்லை. "சாயங்காலம் வாங்க தம்பி, வேலை முடிஞ்சு வீங்கின காலோட. போடுற சாக்ஸையும் கொண்டாங்க" என்று அனுப்பிவிட்டார். யாவாரம் தெரியாத மனுஷன் என்று நினைத்தேன்!

சாயங்காலம் இரண்டு காலையும் அளந்தார். இடது கால் கொஞ்சம் பெரிது; அதற்கேற்ற அளவைக் கொடுத்தார். இரும்புக்குப் பதில் காம்போசிட் (நார் கலந்த கெட்டி பிளாஸ்டிக்) மூடி, பாதுகாப்பு ஷூவுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15298 முத்திரை பார்த்துத்தான் வாங்கச் சொன்னார். அப்புறம் நாடா கட்டும் விதம்: விரல் பக்கம் தளர்வாக, கணுக்காலில் இறுக்கமாக. மத்தியானம் மேல் முடிச்சை மட்டும் அவிழ்த்துக் கட்டினால் போதும். இப்போது கடிப்பதில்லை.

குறை என்றால் பாதத்துக்கு அடியில் இருக்கும் உள்அட்டைதான். வியர்வையில் பசை விட்டுப்போச்சு. கேட்டதற்கு வேறு அட்டை சும்மா கொடுத்தார், ஆனால் அது கொஞ்சம் தடிமன். விலையும் அதிகம்தான், பேரம் பேச வேண்டாம், ஒரு ரூபாய் குறையாது.