மங்கொளிக்கும் கழுவலுக்கும் லத்தீனில் எத்தனை சொற்கள்?

மங்கிய வெளிச்சத்துக்கு லத்தீனில் முதலில் நினைவுக்கு வருவது 'க்ரெபுஸ்குலும்'. பெரும்பாலும் மாலை அந்தியைக் குறிக்கும் இச்சொல், ஐயத்துக்குரியது என்னும் பொருளுடைய 'க்ரெபெர்' என்பதன் வழிவந்தது என்றும், அது சபீனியர் (ரோமுக்கு அண்மையில் வாழ்ந்த பழைய இத்தாலிய இனத்தார்) வழக்கு என்றும் கி.மு. முதல் நூற்றாண்டு அறிஞர் வார்ரோ எழுதினார். பகலா இரவா என்று சொல்ல முடியாத பொழுது என்பதே அதன் உட்பொருள். இதற்கு எதிரே நிற்கும் 'டிலூகுலும்' விடியற்காலையைச் சுட்டுகிறது. ஒளி தெளிந்துவரும் வேளை அது.

நிலவும் இருளும் கலந்த இரவுக்கு இவ்விரண்டும் பொருந்தா. அங்கே உதவுவது 'சுப்லூஸ்ட்ரிஸ்', அதாவது சற்றே ஒளியுள்ளது. ரோமக் கவிஞர் வெர்ஜிலின் 'ஈனியட்' காப்பியத்தின் 9ஆம் காண்டத்தில், எதிரியிடம் பறித்த தலைக்கவசத்தை அணிந்து தப்பியோடும் டிராய் வீரன் யூரியாலஸை, அந்த அரையொளியில் கவசமே மின்னிக் காட்டிக்கொடுக்கிறது. 'க்ரெபுஸ்குலும்' இங்கே வந்திருந்தால் காட்சி மங்கியிருக்கும். மூன்றில் கூர்மையானது 'சுப்லூஸ்ட்ரிஸ்' என்பதே என் எண்ணம்.

கழுவலுக்கு வந்தால், உடலையும் துணியையும் கழுவ அன்றாடச் சொல் 'லவாரே'. அதன் உறவான 'லுஎரே' முன்னொட்டுகளோடுதான் கழுவும் பொருளில் செழித்தது: 'அப்லுஎரே' கழுவி நீக்குவது, 'டிலுஎரே' கரைப்பது. ('டிலுஎரே'யும் 'டிலூகுலு'மும் ஒலியில் நெருங்கினாலும் உறவினர் அல்ல.) தனியே நிற்கும் 'லுஎரே' பெரும்பாலும் குற்றத்துக்கு ஈடு செலுத்துவதையே குறித்தது.

உண்மையான சிக்கல் 'லூஸ்ட்ராரே'யில் இருக்கிறது. 'ஈனியட்' 4ஆம் காண்டத்தில் விடியல் கதிரவனின் விளக்கால் நிலத்தை ஒளியூட்டுவதற்கு வரும் இதே வினை, 6ஆம் காண்டத்தில் ஈமச்சடங்கு முடிந்தபின் ஆலிவ் கிளையால் நீர் தெளித்து ஆட்களைத் தூய்மைப்படுத்துவதற்கும் வருகிறது. 'கிழக்கு வெளுத்தது', 'துணி வெளுத்தார்' என்று ஒரே வினையை இரண்டுக்கும் ஆளும் நமக்கு இது வியப்பன்று. ஆனால் தமிழில் வெண்மை என்னும் ஒரே வேர் இரண்டையும் தாங்குகிறது. லத்தீனில் வேர் ஒன்றா இரண்டா என்பதே விவாதம்.

இவ்வினையோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய பெயர்ச்சொல்லும் உண்டு: குடிமக்கள் கணக்கெடுப்பை நடத்திய ரோம அதிகாரிகளான தணிக்கையாளர்கள் (சென்சார்கள்) ஐந்தாண்டுக்கு ஒருமுறை பன்றி, ஆடு, காளை மூன்றையும் மக்களைச் சுற்றி நடத்திப் பலியிட்ட சடங்கு 'லூஸ்ட்ரம்'. இதை வார்ரோ, வரி செலுத்துவதோடு இணைத்து 'லுஎரே'யிலிருந்து வருவித்தார்; பிற்கால மொழியியலாளர்களுள் ஒருசாரார் கழுவும் வேரையும், மற்றொருசாரார் ஒளி வேரையும் சொல்கின்றனர். சடங்குக்குக் கழுவும் வேரும், விடியலுக்கு ஒளி வேருமாக இரண்டு சொற்கள் ஒரே வடிவில் வந்து கலந்தன என்னும் விளக்கமே எனக்குக் குறைந்த இழுப்போடு பொருந்துகிறது.