வொரண்டி ஸ்டிக்கருக்குக் கீழே 433: லோரா மொடியூல் வாங்கப் போகிறவர்கள் கவனம்

ராஸ்பெரி பையில் (கையளவுக் கணினி போர்ட்) பொருத்த லோரா ரேடியோ மொடியூல் (குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்குத் தகவல் அனுப்புவது) வாங்க இருப்பவர்கள் இதை ஒரு தடவை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 923 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை என்று வாய்நிறையச் சொல்லி, 433 மெகாஹேர்ட்ஸுக்குச் செய்த மொடியூல் இரண்டை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். வேலை செய்யவில்லை என்று திரும்பிப் போனபோது பழியைத் தூக்கி எங்கள் பை போர்ட் மேல் போட்டார்கள். அதை ரிப்பேர் செய்ததாகச் சொல்லி அதற்கும் காசு வாங்கினார்கள். கடை கண்டியில் இருக்கிறது. எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. பெயர் தெரியாமலே இந்த ஏமாற்றைக் கண்டுபிடிக்கலாம், எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன்.

எங்களுக்கு இது விளையாட்டுச் சாமான் இல்லை. ஹப்புத்தளைப் பக்கம் எங்கள் தோட்ட டிவிசனில் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மேலே செங்குத்தான மலை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. மழை விடாமல் அடித்தால் இன்றைக்கும் லயத்தில் பாதிப் பேர் ராத்திரி தூங்குவதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழையை வைத்து மண்சரிவு அறிவித்தல் கொடுக்கிறது: 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். ஆனால் டவுனில் பெய்கிற மழை வேறு, எங்கள் மேல் மலையில் பெய்கிற மழை வேறு. எங்கள் மலையின் கணக்கு எங்கள் கையில் இருக்க வேண்டும் என்றுதான் மேலே ஒரு மழைமானி வைத்து, அதன் கணக்கை ரேடியோவில் கீழே பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு இடம்) இருக்கும் ராஸ்பெரி பை 4க்குக் கொண்டுவர நினைத்தோம். மேலே கரண்ட் இல்லை, போன் சிக்னலும் பாதி நேரம் இல்லை. லோரா சிப் தூங்கும்போது 0.2 மைக்ரோ அம்பியர்தான் எடுக்கும். சின்ன பற்றரியில் மாதக்கணக்கில் ஓட்டலாம்.

காசு லயத்து வீடுகளில் சேர்த்தது. 2021இல் 1,000 ரூபாய்க்கு வந்த நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ஆனது. அந்தச் சம்பளத்தில் இருந்து எடுத்துக் கொடுத்த காசு. நான் இவ்வளவு கோபமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

கடையில் கேட்டது தெளிவாக: 923 மெகாஹேர்ட்ஸில் ஓடும் எஸ்எக்ஸ் 1276 (லோரா சிப்பின் மாடல்) மொடியூல் இரண்டு, அதற்கான அன்டெனா இரண்டு. முதலாளியே எடுத்து வைத்தார். "தம்பி, இது ஒரிஜினல் சாமான். 923 தான். சந்தேகம்னா இங்கயே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க." கண்ணாடி மேசையில் ஒரு கோடியில் ஒன்று, மறுகோடியில் ஒன்று. இங்கிருந்து அனுப்பிய எண் அங்கே வந்தது. பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். பில்லில் "லோரா மொடியூல் - 2" என்று மட்டும் எழுதி, இரண்டு மொடியூலின் தகர மூடியிலும் வொரண்டி ஸ்டிக்கரை ஒட்டி, "இதை உரிச்சா வொரண்டி இல்ல" என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

தோட்டத்துக்குக் கொண்டுவந்து பூட்டினால், பிள்ளை மடுவத்து அறைக்குள் வேலை செய்கிறது. வாசலைத் தாண்டி மரக்கறித் தோட்டம் வரைக்கும் கொண்டுபோனால் செத்துப்போகிறது. மேல் மலையை நினைத்தே பார்க்க முடியாது. கடைக்குப் போன் எடுத்தோம். "உங்க பக்கம் எப்பவும் மிஸ்ட்தானே, மழையும் கூட. அதுல சிக்னல் நிக்காது தம்பி."

இந்தப் பதிலை மலைநாட்டு ஆட்கள் இலகுவில் நம்பிவிடுவார்கள், அதனால் இதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறேன். மழை அடித்தால் கூரைமேல் இருக்கும் டிஷ்ஷில் படம் கட்டாவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அது உண்மை. ஆனால் டிஷ்ஷுக்கு வருவது 11, 12 கிகாஹேர்ட்ஸ் பக்கம் உள்ள அலை. அந்த உயரத்தில் மழைத்துளி அலையை நன்றாகத் தின்னும். 923 மெகாஹேர்ட்ஸ் என்பது ஒரு கிகாஹேர்ட்ஸுக்கும் கீழே. அங்கே மிஸ்டும் மழையும் செய்கிற குறைவு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. நம் ஊரில் இந்த ரேடியோவுக்கு எதிரி மலைமுகடு. இடையில் ஒரு முகடு குறுக்கே நின்றால் சிக்னல் விழும், அடர்ந்த மரங்களும் கொஞ்சம் குடிக்கும். மரக்கறித் தோட்டத்துக்கும் மடுவத்துக்கும் இடையில் எந்த முகடும் இல்லை.

இரண்டாம் முறை போனபோது பதில் மாறியது. மொடியூல் நல்லது, உங்கள் பையில்தான் "எஸ்பிஐ சிப்" (எஸ்பிஐ என்பது பையும் மொடியூலும் பேசிக்கொள்ளும் கம்பி வழி) போய்விட்டது, வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். திரும்பக் கொடுக்கும்போது பில்லில் "எஸ்பிஐ ஐசி மாற்றியது" என்று எழுதி 4,500 ரூபாய். இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ராஸ்பெரி பை 4இல் எஸ்பிஐக்கென்று தனியாக ஒரு சிப் கிடையாது. அது பிசிஎம் 2711 என்ற பிரதான சிப்புக்குள்ளேயே இருக்கிறது. இல்லாத ஒன்றை மாற்ற முடியாது. போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்; சோல்டரிங் அயன் பட்ட தடமே எங்கும் இல்லை. போதாக்குறைக்கு மெமரி கார்டையும் போர்மட் செய்து புதிதாக ஒஎஸ் போட்டிருந்தார்கள். மடுவத்துக்குப் பக்கத்தில் கம்பி வழியாக எடுத்து வைத்திருந்த மழைக் கணக்கு அத்தனையும் போய்விட்டது. கேட்டதற்கு, "சேர்விஸ் பண்ணா அப்படித்தான்." மொடியூலைவிட எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. காசு கொடுத்தால் மொடியூல் வாங்கலாம். பெய்து முடிந்த மழையை மறுபடி அளக்க முடியாது.

இனி, பிழை எங்கே என்று எப்படிக் கண்டோம் என்பது. முதலில் எஸ்பிஐயைச் சந்தேகத்திலிருந்து விடுவித்தோம். மொடியூலைக் கழற்றிவிட்டு, பையின் மோசி (அனுப்பும்) பின்னையும் மிசோ (வாங்கும்) பின்னையும் ஒரு கம்பியால் சேர்த்து, அனுப்பிய பைட்டுகள் அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தது. பிறகு மொடியூலைப் பூட்டி சிப்பின் 42ஆம் ரெஜிஸ்டரை (சிப் தன் பதிப்பு எண்ணை வைத்திருக்கும் இடம்) வாசித்தோம். 12 என்று வந்தது (இரண்டும் ஹெக்ஸ், அதாவது 16ஐ அடியாகக் கொண்ட எண் கணக்கு). 00 அல்லது எஃப்எஃப் வந்தால்தான் வயரிங்கையோ எஸ்பிஐயையோ சந்தேகப்பட வேண்டும். ஆக, பைக்கும் சிப்புக்கும் இடையில் எந்தக் குறையும் இல்லை. அதே நேரம் இந்த 12ஐப் பார்த்து "ஒரிஜினல்" என்று முடிவு கட்டவும் கூடாது. 525 மெகாஹேர்ட்ஸோடு நின்றுவிடும் எஸ்எக்ஸ் 1278உம் இதே 12ஐத்தான் சொல்லும்.

அடுத்தது ஆர்எஸ்எஸ்ஐ, அதாவது வந்து சேரும் சிக்னலின் பலம் (மைனஸில் வரும், பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் பலம் கூட). இரண்டு மொடியூலையும் ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்து 14 டிபிஎம் பவரில் அனுப்பினோம். அந்தத் தூரத்துக்கு 923இல் காற்றில் இழப்பது 32 டிபி (சிக்னல் கூடிக் குறைவதைச் சொல்லும் அலகு) அளவுதான், அதனால் மைனஸ் 20க்கும் மைனஸ் 45க்கும் இடையில் ஏதாவது வர வேண்டும். எங்களுக்கு வந்தது மைனஸ் 97. அடுத்த மலையில் இருந்து வர வேண்டிய எண் மேசைமேல் வருகிறது!

கடை மேசை டெஸ்ட் எதையும் நிரூபிக்காததற்குக் காரணமும் இதுதான். லோரா மெதுவாக அனுப்பும்போது மைனஸ் 130க்கும் கீழே உள்ள சிக்னலைக்கூட வாசித்துவிடும். வழி முழுக்க அறுந்து, எங்கோ கசிகிற துளி மைனஸ் 97இல் வந்தாலும் பாக்கெட் (அனுப்பிய தகவல் பொதி) ஒழுங்காக வந்து சேரும். திரையில் எண் வரும், வாங்குகிறவர் முகம் மலரும். இவ்வளவு மெல்லிய சிக்னலை வாசிக்காத ரேடியோவாக இருந்தால் கடையிலேயே குட்டு உடைந்திருக்கும்.

பிறகு இரண்டு பக்கமும் அலைவரிசையை 433க்கும், அன்டெனாக் கம்பியை அதற்கேற்ற நீளத்துக்கும் மாற்றினோம். மைனஸ் 34. மேல் பாண்டுக்கும் (923 பக்கம்) கீழ் பாண்டுக்கும் (433 பக்கம்) ஆர்எஸ்எஸ்ஐ கணக்கில் சொஃப்ட்வெயர் லைப்ரரி கழிக்கும் எண் வேறு (157, 164), ஆனால் அதில் பிசகினாலும் 7 டிபிதான். இங்கே வித்தியாசம் 63 டிபி. இருபது லட்சம் மடங்கு. எஸ்எக்ஸ் 1276 சிப்பை எடுத்துக்கொண்டால், உயர்ந்த பாண்டுக்கு ஒரு வாசலும் தாழ்ந்த பாண்டுக்கு ஒரு வாசலும் உள்ள வீடு மாதிரி. மொடியூல் செய்கிறவர் ஏதாவது ஒரு வாசலுக்குத்தான் அன்டெனாவரை ரோட்டுப் போடுகிறார். 433 மொடியூலில் 923 என்று செட் பண்ணினால் சொஃப்ட்வெயர் ஒரு பிழையும் காட்டாது. அனுப்பி முடித்தேன் என்று சிப்பும் சொல்லும். வெளியே மட்டும் ஒரு துளி கசிவைத் தவிர எதுவும் போகாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் எங்கள் தோட்டத்துத் தங்கச்சி ஒருவர் எஸ்டிஆர் டொங்கிள் (ரேடியோ அலைகளைத் திரையில் காட்டும் சின்ன ரிசீவர்) கொண்டுவந்து லெப்டொப்பில் காட்டினார். 923இல் கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற ஒரு மங்கல் கோடு, 433இல் திரையே வெளுத்துப்போனது.

அதற்குப் பிறகுதான் வொரண்டி ஸ்டிக்கரை உரித்தோம். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினேன், பசை இழுத்துக்கொண்டு வந்தது. கீழே தகரத்தில் வரிசையாகச் சின்னச் சதுரக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு அலைவரிசை. 433க்குப் பக்கத்துக் கட்டத்தில் கறுப்புப் புள்ளி. இரண்டு மொடியூலிலும் அப்படியே. தகர மூடியில் ஸ்டிக்கர் ஒட்ட வேறு இடம் தாராளமாக இருந்தது, இரண்டிலும் அந்த வரிசைக்கு மேலேயேதான் ஒட்டியிருந்தார்கள். தெரியாமல் நடந்தது என்று இதற்குமேல் நான் நம்பத் தயாரில்லை.

அன்டெனாவிலும் கோளாறு. 923க்கு ஏற்றது என்று கொடுத்தவற்றில் ஒன்று வைபை ரவுட்டர் அன்டெனா. திருகினால் மரை ஒழுங்காகப் பிடிக்கும், ஆனால் நடுவில் பாருங்கள்: போர்டில் உள்ள சொக்கட்டில் துளை, அன்டெனாவிலும் துளை. போர்டில் உள்ளது போன்ற எஸ்எம்ஏ வகைச் சொக்கட்டுக்கு வரும் அன்டெனாவின் நடுவில் ஒரு முள் இருக்க வேண்டும். துளையும் துளையும் சேர்ந்தால் எதுவும் தொடாது. அன்டெனா தொடாமல் முழுப் பவரில் அனுப்பிக்கொண்டே இருந்தால் சிப்புக்கும் கேடு. மற்ற அன்டெனாவில் முள் இருந்தது. 433 டெஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் 17 சென்டிமீட்டர் கம்பித் துண்டுதான் வைத்தோம், அதற்கு முன் 923க்கு 8 சென்டிமீட்டர். கால் அலைநீளம் அவ்வளவுதான்.

வாங்கும்போது கடையில் பாக்கெட் வருகிறதா என்று பார்க்காதீர்கள், ஆர்எஸ்எஸ்ஐ எண்ணைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஒரு மீட்டரில் மைனஸ் 60ஐவிடக் கீழே போனால் வைத்துவிட்டு வாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன் தகர மூடியையும் போர்டின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். பில்லில் அலைவரிசையை எண்ணாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி நாம் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். சாமானைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதும் அதே சட்டத்தில் குற்றம். அதிகார சபையின் அவசர இலக்கம் 1977. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். "நாளைக்கு வாங்க, அடுத்த கிழமை வாங்க" என்று இழுத்தடிக்கிற கடை அந்த மூன்று மாதத்தைத்தான் தின்கிறது. நாங்கள் இரண்டு பில், உரித்த ஸ்டிக்கரின் படம், 923இலும் 433இலும் எடுத்த ஆர்எஸ்எஸ்ஐ எண்கள் எல்லாவற்றையும் வைத்து அனுப்பியிருக்கிறோம். கடை இதுவரை ஒரு சதம் திருப்பித் தரவில்லை.

வேறு இடத்தில் வாங்கிய மொடியூல் இப்போது மேல் மலையில் ஓடுகிறது. அங்கிருந்து மடுவத்துக்கு மைனஸ் 104 காட்டுகிறது, எஸ்எஃப் 10இல் (லோராவின் மெதுவான வேகங்களில் ஒன்று) பாக்கெட் தவறுவதில்லை, நேற்று முழுக்க மிஸ்ட் மூடிக் கிடந்தபோதும் அதே எண்தான். கடந்த சில மாதத்தில் கண்டியில் லோரா மொடியூல் வாங்கி, "மலையில சிக்னல் வராது" என்ற பதிலைக் கேட்டுவிட்டு அலுமாரியில் போட்டு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், எடுத்து இரண்டு பக்கமும் 433க்கு மாற்றி ஒரு மீட்டரில் வைத்துப் பாருங்கள். எண் ஒரேயடியாக ஏறினால் பில்லைத் தேடி எடுங்கள், திகதியைப் பாருங்கள்.