ஃபெலிக்ஸ் மகாத்: ஆடிய மகாத்தா, ஆட்டுவித்த மகாத்தா?

1983 மே 25, ஏதென்ஸ். ஐரோப்பியக் கோப்பை கால்பந்து இறுதிப்போட்டி தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் அணி நடுக்கள வீரர் மகாத், பெனால்ட்டி பகுதிக்கு வெளியிலிருந்து இடது காலால் அடித்த பந்து, ஜோஃப் காத்த இத்தாலியின் யுவென்டஸ் அணி வலைக்குள் இறங்கியது. பிளாட்டினி, ரோசி போன்ற நட்சத்திரங்கள் இருந்த அணியை அந்த ஒரே கோல் சாய்த்தது. ஹாம்பர்க்குக்காக ஜெர்மனியின் முதன்மை லீக்கான பண்டஸ்லிகாவில் மூன்று பட்டங்களும் வென்றவர் அவர்.

பயிற்சியாளரானதும் அந்த நளினம் எங்கே போனது? கனமான மெடிசின் பந்துகள், வீரர்கள் மூச்சிரைக்க ஏறி இறங்கும் குன்று. வதைப்பவர் என்ற பொருளில் 'குவேலிக்ஸ்' என்றே அழைத்தார்கள். பலனும் இருந்தது. அவர் பயிற்சியில் பேயர்ன் மியூனிக் 2005, 2006 இரு ஆண்டுகளும் ஜெர்மன் லீக், கோப்பை இரண்டையும் வென்றது. ஆனால் பேயர்ன் வெல்வது புதிதில்லை. எனக்குப் பெரிது 2009-தான். அதுவரை லீக் பட்டமே காணாத வோல்ஃப்ஸ்பர்க்கை அவர் சாம்பியனாக்கினார். அந்த லீக்கில் அணியின் முன்கள வீரர்கள் கிராஃபிட்டே 28, ஜெக்கோ 26 கோல்கள்!

2014-இல் ஃபுல்ஹாம் இங்கிலாந்தின் முதல் பிரிவிலிருந்து இறங்கியது அவர் பொறுப்பில்தான். அதையும் சேர்த்தே எடைபோட்டாலும், என் ஓட்டு பயிற்சியாளர் மகாத்துக்கே. ஏதென்ஸில் அவருடன் பத்துப் பேர் ஆடினார்கள். வோல்ஃப்ஸ்பர்க் அணியை அவரே செதுக்கினார்.