மூன்று சென்டிமீட்டரா, பத்து சென்டிமீட்டரா?

மலாக்கா நீரிணையில் விடிவதற்குச் சற்று முந்தைய நேரம். கப்பல்காரர்கள் ‘சுமத்ரா’ என்று சொல்லும் புயல்மழை மேற்கிலிருந்து வந்து கவிந்தது. பத்து நிமிடத்தில், கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜின் கண்ணாடிக்கு வெளியே எங்கள் கப்பலின் முன்கொடிமரமே காணாமல் போய்விட்டது. எங்களிடம் ரேடார் இரண்டு: மூன்று சென்டிமீட்டர் அலையில் பார்க்கும் எக்ஸ்-பேண்ட், பத்து சென்டிமீட்டர் அலையில் பார்க்கும் எஸ்-பேண்ட். வலப்பக்கம் இருந்த எக்ஸ்-பேண்ட் ரேடாரில், முன்னால் ஆறு மைல் தூரத்துக்கு மஞ்சள் சாந்தை அள்ளிப் பூசியதுபோல் ஒரே படலம். இடப்பக்கத்து எஸ்-பேண்டில் அதே மழை மெல்லிய புகையாகத்தான் விழுந்திருந்தது. அந்தப் புகைக்குள் இரண்டு புள்ளிகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வேகத்தில் எங்கள் பாதையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தன. ஓர் இழுவைப் படகும், அது கட்டி இழுத்துவந்த பார்ஜும். இரண்டுக்கும் நடுவில் தொங்கும் கம்பிவடம் எந்த ரேடாரிலும் தெரியாது. அதை நாம்தான் ஊகிக்க வேண்டும்.

அன்று எஸ்-பேண்டைக் கும்பிடாத குறை. மூன்று வாரம் கழித்துக் கன்னியாகுமரிக்குத் தெற்கே வந்தபோது கதை தலைகீழானது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. எஸ்-பேண்ட் திரையில் கறுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. எக்ஸ்-பேண்டிலோ மூன்று நான்கு மைலுக்குள் அரிசி நொய்யைத் தூவியதுபோல் பொட்டுகள். எல்லாம் ஃபைபர் வள்ளங்கள். ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர், ஒரு சின்ன டார்ச் விளக்கு.

இந்த இரண்டில் எது நல்ல ரேடார் என்று புதிதாகக் கப்பலேறும் கேடட்கள் எல்லோரும் கேட்பார்கள். எது எதைப் பார்க்காது என்று கேட்பதுதான் உபயோகமான கேள்வி.

எக்ஸ்-பேண்டின் அதிர்வெண் ஏறத்தாழ 9.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 3.2 சென்டிமீட்டர். எஸ்-பேண்டுக்கு 3 கிகாஹெர்ட்ஸ், 10 சென்டிமீட்டர். இருவருக்கும் இடையிலான சண்டை முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து பிறப்பதுதான். மழைத்துளியின் குறுக்களவு சில மில்லிமீட்டர். அலைநீளத்தைவிட மிகச் சிறிய பொருள் அலையைத் திருப்பிச் சிதறடிக்கும் அளவு, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் போகிறது. அலைநீளம் மூன்று மடங்கு கூடினால் மழையின் கூச்சல் ஏறக்குறைய நூறில் ஒன்றாகக் குறைந்துவிடும். சாந்து புகையானது இதனால்தான். கொந்தளிப்பில் அலைமுகடுகள் தரும் எதிரொலியும் எஸ்-பேண்டில் குறைவு.

எஸ்-பேண்டின் கண்ணுக்கு வள்ளங்கள் ஏன் தப்பின? ரேடார் அலை படகை நேராகவும் போய்த் தொடுகிறது, கடல்மேல் பட்டுத் தெறித்தும் போய்த் தொடுகிறது. இந்த இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால், கடல்மட்டத்தை ஒட்டி வலுவற்ற ஓர் அடுக்கு உருவாகிறது. அலைநீளம் பெரிதாக ஆக அந்த அடுக்கும் உயரமாகும். எஸ்-பேண்டின் கதிர் தாழ்வான வள்ளத்தின் தலைக்கு மேலே போய்விடுகிறது. ஃபைபரும் மரமும் இயல்பிலேயே மோசமான எதிரொலிப்பான்கள். இரண்டு குறையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது கூர்மை. எக்ஸ்-பேண்டின் 8 அடி ஸ்கேனர், அதாவது சுழலும் ஆன்டெனா, சுமார் ஒரு டிகிரி அகலமுள்ள கதிரைத் தருகிறது. எஸ்-பேண்டுக்கு 12 அடி ஸ்கேனர் வைத்தும் கதிர் இரண்டு டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஆறு கடல் மைல் தூரத்தில் ஒரு டிகிரி என்பது கிட்டத்தட்ட 195 மீட்டர், இரண்டு டிகிரி 390 மீட்டர். 300 மீட்டர் இடைவெளியில் பக்கம் பக்கமாக வரும் இரண்டு படகுகள் எக்ஸ்-பேண்டில் இரண்டாகவே தெரியும், எஸ்-பேண்டில் ஒட்டிப்பிறந்த ஒரே கட்டி. துறைமுக வாயிலில் மிதவைகளுக்கு இடையே நுழையும்போது, துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறியதும் எக்ஸ்-பேண்ட் பக்கம் போய் நிற்பதன் காரணம் இதுதான்.

எக்ஸ்-பேண்டுக்கு மட்டுமே உரிய வேலை ஒன்றும் உண்டு. தேடி வருபவர்களுக்கு இருக்குமிடத்தைக் காட்ட உயிர்காப்புப் படகில் வைக்கும் ரேடார் சார்ட் கருவி 9 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மட்டும்தான் பதில் சொல்லும். அதன் பதில் திரையில் 12 புள்ளிகள் கொண்ட வரிசையாக விழும். நெருங்க நெருங்க அவை வில்களாகி, கடைசியில் முழு வட்டங்களாகும். எஸ்-பேண்டுக்கு இது காதிலேயே விழாது. 2010 முதல் ஏஐஎஸ் (கப்பல்கள் தம் அடையாளத்தையும் இடத்தையும் தானாக ஒலிபரப்பும் முறை) வகை சார்ட்டையும் மாற்றாக வைத்துக்கொள்ளலாம் என்று விதி வந்துவிட்டது. ஆனால் கடலில் தத்தளிப்பவர் கையில் எந்த வகை இருக்கிறது என்பது தேடிப் போகிறவருக்குத் தெரியாதே.

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதியும் இந்த வரிசையில்தான் யோசித்திருக்கிறது. 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கும், எல்லாப் பயணிகள் கப்பல்களுக்கும் 9 கிகாஹெர்ட்ஸ் ரேடார் கட்டாயம். 3,000 டன்னிலிருந்து இரண்டாவது ரேடார் வேண்டும். அது 3 கிகாஹெர்ட்ஸாக இருக்க வேண்டும், கப்பலைப் பதிவு செய்த கொடிநாட்டின் நிர்வாகம் பொருத்தமென்று கருதினால் இன்னொரு எக்ஸ்-பேண்டாகவும் இருக்கலாம். இந்தக் கடைசிச் சலுகையைப் பிடித்துக்கொண்டு, உதிரிபாகம் ஒன்றாகப் போகும், 12 அடி ஸ்கேனரின் பாரமும் இல்லை என்று இரண்டு எக்ஸ்-பேண்ட் போடச் சொல்பவர்கள் உண்டு. குறுகிய தூரம் ஓடும் சிறிய கப்பலுக்கு அது சரிதான். பெருங்கடல் தாண்டும் கப்பலில் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே மழையில் இரண்டு கண்ணும் ஒன்றாகக் குருடாவதற்கு எதற்கு இரண்டு?

இயக்கும் விதத்தில் நான் கண்ட பெரிய தப்பு, இரண்டு ரேடாரையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்வது. இரண்டும் 12 மைல் வீச்சில், ஒரே படத்தைக் காட்டியபடி, ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். ஆழ்கடலில் எஸ்-பேண்டை 12 மைலில் விட்டு, அதிலேயே இலக்குகளைத் தடம் பிடிக்க வைப்பேன். எக்ஸ்-பேண்ட் 6 மைலில் இருக்கும், அவ்வப்போது 3 மைலுக்கு இறங்கி ஏறும். எதிரொலியைப் பெருக்கும் கெயினைத் திரையில் லேசாக உப்புத் தூவிய அளவுக்கு இரைச்சல் தெரியும்வரை ஏற்ற வேண்டும். திரை துடைத்த சிலேட்டாகப் பளிச்சென்று இருந்தால் எதையோ சேர்த்துத் துடைத்துவிட்டோம் என்று பொருள். கடலலையின் எதிரொலியை அடக்கும் கிளட்டர் குமிழ் இன்னும் ஆபத்தானது. எக்ஸ்-பேண்டில் அலைகளை ஒழிக்கிறேன் என்று அதைத் திருகிக்கொண்டே போனால் முதலில் சாவது வள்ளம்தான், அலை அல்ல. மழைக் குமிழை எக்ஸ்-பேண்டில் மழை வரும்போது மட்டும் தொடலாம், விட்டதும் மறக்காமல் இறக்க வேண்டும். எஸ்-பேண்டில் எனக்கு அது தேவைப்பட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி இன்னொரு போட்டி: ரேடார் அலையைப் பிறப்பிப்பது மேக்னட்ரான் குழாயா, குறைக்கடத்திகளால் ஆன திடநிலைச் சுற்றா?

மேக்னட்ரான் 1940-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் உருவாக்கிய வடிவத்தின் வாரிசு. எக்ஸ்-பேண்டில் 12 அல்லது 25 கிலோவாட், எஸ்-பேண்டில் 30 கிலோவாட் என்று ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஓர் அடி அடித்துவிட்டு ஓய்ந்து கேட்கும். திடநிலை ரேடாரின் உச்சத் திறன் 200 வாட்டை ஒட்டித்தான். வீட்டு மின்விசிறிகள் மூன்றுக்குப் போகும் மின்சாரம். அது கத்துவதில்லை, அதிர்வெண்ணை ஏற்றியிறக்கி நீளமாக ஒரு ராகம் இழுக்கிறது. திரும்பிவரும் ராகத்தைக் கணினி மடித்துச் சுருக்கி, கூரிய புள்ளியாக்குகிறது. நீண்ட துடிப்பை அனுப்பும்போது பக்கத்தில் இருப்பதைக் கேட்க முடியாது என்பதால், நடுநடுவே குறுந்துடிப்புகளையும் கலந்து அனுப்புகிறது. டாப்ளர் முறையில் நகர்வதையும் நிற்பதையும் பிரித்தறிவதால் அலைக்கூச்சலுக்குள் இருந்து சிறு படகைப் பொறுக்கியெடுப்பதில் கெட்டிக்காரன்.

குறை என்ன? ரேக்கான் எனப்படும், ரேடார் துடிப்பைக் கேட்டதும் பதில் அனுப்பும் வழிகாட்டிக் கருவிகளில் பழையவை இந்த மெல்லிய குரலுக்கு எளிதில் விழித்துக்கொள்ளாது. அதனால்தான் 2008 ஜூலை 1 முதல் பொருத்தப்படும் ரேடார்களுக்கான ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) தரநிலை, எஸ்-பேண்ட் ரேக்கானை எழுப்பியாக வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தியது. எக்ஸ்-பேண்டுக்கு அந்தக் கடமை இன்றும் இருக்கிறது. திடநிலை முதலில் எஸ்-பேண்டில் காலூன்றிய கதை இதுதான். புதுக் கப்பலுக்கு என் தேர்வும் அதையொட்டியே: எஸ்-பேண்ட் திடநிலை, எக்ஸ்-பேண்ட் மேக்னட்ரான். சூடாக மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை, மேக்னட்ரான் குழாயை மாற்ற வேண்டியதில்லை என்பதெல்லாம் திடநிலையின் சுகங்கள். ஆனால் அது படுத்துக்கொண்டால், மூடி முத்திரையிட்ட பெட்டியைப் பார்த்துக்கொண்டு அடுத்த துறைமுகம்வரை போக வேண்டியதுதான். மேக்னட்ரானை நடுக்கடலில் எங்கள் எலெக்ட்ரிக்கல் ஆபீசர் ஒரு பிற்பகலில் மாற்றிவிடுவார். இரும்புத் திருப்புளியை அதன் காந்தத்தின் அருகே கொண்டுபோகாமல், மின்தேக்கிகளை வடித்துவிட்டு, பித்தளைக் கருவிகளோடு அவர் அதைக் கையாளும் விதம் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் இருக்கும்.

பழுது பார்ப்பதில் எந்த ரேடார் சுலபம் என்று கேட்டால், நான் சூடுபட்டுத் தெரிந்துகொண்ட ஒரு சம்பவம் பதில் சொல்லும். வேறொரு கப்பல், வயதானது. எக்ஸ்-பேண்டின் டிரான்சீவர், அதாவது அலையை அனுப்பியும் வாங்கியும் கொள்ளும் பெட்டி, பிரிட்ஜுக்குப் பின்னறையில். அங்கிருந்து வேவ்கைட் என்னும் செவ்வகச் செம்புக் குழாய் மாஸ்ட் உச்சிவரை ஏறும். எஸ்-பேண்டின் டிரான்சீவர் மேலேயே, ஸ்கேனரின் கழுத்துக்குள். கொழும்பைத் தாண்டி மேற்கே போகும்போது, எக்ஸ்-பேண்டில் படகுகள் நான்கு மைலில் தெரிய வேண்டியவை இரண்டு மைலில்தான் தலைகாட்டுவதாகக் கேடட் சொன்னான். தூத்துக்குடிப் பையன், கடற்கரையில் வளர்ந்தவன். “கடல் அப்படி இருக்கிறது, தம்பி” என்று சமாளித்துவிட்டேன். பெரிய கப்பல்கள் வழக்கம்போல் தெரிந்தன. நோயுற்ற ரேடார் அலாரம் அடிப்பதில்லை. சின்னவற்றை முதலில் விழுங்கும், பெரியவற்றைக் காட்டி நம்மை ஏமாற்றும்.

இரண்டு திரைகளுக்கும் இடையே இன்டர்ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பி எக்ஸ் டிரான்சீவரை எஸ் திரைக்கு மாற்றினேன். மங்கலும் கூடவே வந்தது. ஆக, திரை குற்றவாளி இல்லை. மேக்னட்ரான் ஓடியது 8,000 மணி நேரத்துக்கு மேல், அதனால் சந்தேகத்தை அதன் மேல் போட்டு, உதிரியை எடுத்து மாற்றினோம். அரை மணி நேரம் ஸ்டாண்ட்பையில் சூடாக்கி, பிறகுதான் ஒலிபரப்பினோம். பலன் கொஞ்சம்தான். ரேடாரின் பலத்தை அளந்து காட்டும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் திரையில் காட்ட வேண்டிய வளைவுகளில் பாதியைக்கூடக் காட்டவில்லை.

அப்போதுதான் உறைத்தது. மாற்றுவதற்கு முன்பே மேக்னட்ரான் மின்னோட்டம் மெனுவில் ஒழுங்காகத்தான் இருந்தது. மானிட்டர் அளப்பதோ ஸ்கேனர் முனையில். கீழே எல்லாம் சரி, மேலே சரியில்லை என்றால் வழியில் யாரோ திருடுகிறார்கள். நல்ல மேக்னட்ரானைக் கழற்றிய பிறகு இந்தக் கணக்கு எனக்கு வந்தது.

மறுநாள் அனுமதிச் சீட்டு எழுதி, இரண்டு ரேடாரையும் நிறுத்தி, திரைகளில் ‘மேலே ஆள் இருக்கிறார்’ என்று அட்டை மாட்டி, ஸ்கேனரின் பாதுகாப்பு சுவிட்சையும் அணைத்துவிட்டு ஏறினோம். உச்சியிலிருந்து இரண்டாவது இணைப்பின் நான்கு போல்ட்களைக் கழற்றியதும் ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்தது. குழாயின் உட்புறம் கோயில் மணியின் அடிப்பாகம்போல் பச்சை பூத்திருந்தது. ரப்பர் வளையம் ஒரு பக்கம் வெடித்திருந்தது. தண்ணீர் சக்தியைத் தின்றதோடு நிற்காமல் கொஞ்சத்தைத் திருப்பியும் அனுப்பிக்கொண்டிருந்தது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் புது மேக்னட்ரானையும் அதுவே கொன்றிருக்கும். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, புது வளையம் போட்டு மூடினோம்.

இறங்கும் வழியில் கேடட் எஸ்-பேண்டின் ஸ்கேனரைக் காட்டி, அதன் குழாயையும் ஒருமுறை பார்த்துவிடலாமா என்று கேட்டான். அதற்குக் குழாயே கிடையாது என்றேன். அப்படியானால் அதுதானே நல்லது என்றான். அதன் டிரான்சீவர் இந்த உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது, அது கெட்டால் செங்கடல் வெயிலில் திருப்புளியோடு இங்கே தொங்கப்போவது நீதான் என்றேன். அன்று இரவு காவலில் எக்ஸ்-பேண்ட் நான்கு மைலுக்கு வெளியே ஒரு சின்னப் பொட்டைக் காட்டியது. அவன் பைனாகுலரை எடுத்துக்கொண்டு பிரிட்ஜின் ஓரத்துக்குப் போனான். வெகுநேரம் கழித்து, “விளக்கு ஒன்று தெரிகிறது, சார்” என்றான்.